நாரைக்கு மட்டும் மேளம்

ஆமாங்க, அந்த ஊருதான். நாரை வர்ற ஊரு. இன்னாத்துக்கு அப்டி ஆசையா கேக்கறீங்க? எல்லாரும் இப்டித்தான். மெட்ராஸ்லேர்ந்து கார் போட்டுகினு வந்து ஏரிக்கரையில நின்னுகினு, ஆகா இன்னா அழகுன்றாங்க. அழகாம் அழகு! எனக்குப் பத்திகினு வருது. நீங்க டீயைக் குடிங்கண்ணா. இந்தப் புதுவாயல் கூட்ரோட்டுல எந்த பஸ்ஸு சொன்ன நேரத்துக்கு வந்துச்சு?

டான்ஸா? முப்பது வருசமா பாக்கறேன் அந்த டான்ஸை. ஐப்பசியில வந்து எறங்கும். ஆம்பள நாரை ஏரிக்குள்ள கருவேல மரத்துல ஒரு எடம் புடிச்சிகினு நிக்கும். பொட்டை பக்கத்துல வந்துச்சோ இல்லியோ, தலையத் தூக்கறதும் குனியறதும் ரெக்கையை விரிக்கறதும், பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ளை கணக்கா ஒரே மினுக்கு. அப்பால ஒரு குச்சியக் கொத்திகினு வந்து நீட்டும். பொட்டை அதை வாங்கிக் கூட்டுல வெச்சிதுன்னா முடிஞ்சுது, கல்யாணம். உடனே ரெண்டும் அலகைத் தட்டும் பாருங்க, டக்கு டக்கு டக்குன்னு. ஒரு மரத்துல ஆரம்பிச்சா ஏரி பூராவும் தட்டும்.

அதுங்க கல்யாணத்துக்கு அவ்ளோ சத்தம். எங்க ஊட்டுக் கல்யாணத்துக்கு? மூச்சு உடக்கூடாது! நாரை கூட்டுல இருக்கற வரைக்கும் வெடி கெடையாது, தவுல் கெடையாது, தோ உறையில வெச்சிருக்கீங்களே, அந்த நாயனம் கெடையாது. சத்தம் கேட்டா முட்டையை உட்டுட்டுப் பறந்துடும், நாரை எச்சம் உழுந்த தண்ணி பாய்ஞ்சாதான் நெல்லு வெளையும்னு ஊர்க் கட்டுப்பாடு. எவனாவது மீறினா மொதல்ல சண்டைக்குப் போறவ இந்தத் தாயாரம்மாதான். என் வாய்க்கு ஊரே பயப்படும்.

எம்பொண்ணு பூவம்மாளுக்கு எமர்ஜென்சி வருசம் தை மாசம் கல்யாணம். மரத்துக்கு மரம் குஞ்சு. மாப்பிள்ளை சேகரு, கும்மிடிப்பூண்டி பக்கம் இரும்புப் பட்டறையில வேலை. நாரைங்க போனப்புறம் சித்திரையில வெச்சிக்கலாம்னு எங்க ஊட்டுக்காரரு கெஞ்சினாரு. நான்தான் கேக்கல. நல்ல எடம் கைவுட்டுப் பூடும்னு அவசரம். கூட்டம் சேந்தா கூச்சல் வரும்னு பத்திரிகை அடிக்கல. போட்டோக்காரனும் வேணான்னுட்டேன். தாலி கட்டற நேரத்துல கெட்டிமேளத்துக்குப் பதிலா எங்க ஊட்டுக்காரரு தோள்துண்டை எடுத்து ஆட்டினாரு. சிரிக்காதீங்க! அன்னிக்கி நானும்தான் சிரிச்சேன். அந்த நேரம் பாத்து ஏரியில நாரைங்க டக்கு டக்குன்னு தட்டுச்சா, பாருடி, அதுங்களே மேளம் கொட்டுதுன்னு ஊர் பூரா பெருமை பேசினேன். என் வாயில மண்ணை அள்ளிப் போட!

ரெண்டு வருசம் குடும்பம் நடத்தினான். இப்போ பட்டறை மேஸ்திரி பொண்ணைக் கட்டினா பெரிய வேலை கெடைக்குதாம். பூவம்மாளை ஒரு தகரப் பொட்டியோட எங்க ஊட்டு வாசல்ல எறக்கி உட்டுட்டுப் போயிட்டான் பாவி. ஞாயம் கேக்கப் போனேன். அவன் ஆத்தாக்காரி லட்சுமியம்மா நடு ரோட்டுல நின்னுகினு இன்னா சொல்றா தெரியுமா? எந்தக் கல்யாணம்? மேளச் சத்தம் கேட்டவன் எவனாவது இருந்தா இட்டுகினு வான்றா. எம்பொண்ணை அவங்க ஊட்டு வேலைக்கு வெச்சிருந்தாங்களாம்! வயிறு எரியுதுண்ணா. அவ நாக்கு அழுவிப் போவ.

திருவள்ளூர்ல வக்கீலைப் பாத்தேன். பத்திரிகை இருக்குதா, போட்டோ இருக்குதா, மேளம் வாசிச்சது யாருன்னாரு. நாரைன்னேன். குமாஸ்தா பேனாவைக் கீழ போட்டுட்டு சிரிக்கிறான். எங்க ஊர் ஜனம் சாட்சி சொன்னா எடுபடாதாம், எனக்காகப் பேசறாங்கன்னு தள்ளிடுவாங்களாம். வெளியாளு ஒருத்தரு வேணுமாம்.

பூவம்மாளா? ஏரிப் பக்கமே வர்றதில்ல. அலகு தட்டற சத்தம் கேட்டா காதைப் பொத்திகினு உள்ள போயிடறா. என்னை ஒரு வார்த்தை ஏசலண்ணா. ஏசினாலாவது ஆறும்.

இருங்க, எழுந்துக்காதீங்க, அது பொன்னேரி வண்டி. நீங்க எங்க போறீங்கன்னு நான் கேக்கவே இல்ல பாத்தீங்களா? எனக்குத் தெரியும். மேஸ்திரி ஊட்டுக் கல்யாணம், நாளைக்குக் காலையில முகூர்த்தம். மாப்பிள்ளை அதே சேகருதான். இன்னாண்ணா, மூஞ்சி இப்டி மாறுது? காலையிலேர்ந்து இந்த டீக்கடையில நான் உங்களுக்காகத்தான் உக்காந்துகினு கீறேன். மூணு மாசமா தேடினேன் உங்களை. அன்னிக்கி மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க உங்க மேளத்தை இட்டுகினு வந்தாங்க. ஊர் எல்லையிலயே மறிச்சு, எங்க ஊர்ல வாசிக்கக் கூடாது, உக்காந்து சாப்ட்டுட்டுப் போங்கன்னு தாம்பூலம் குடுத்தது நான்தான். நீங்களும் கோச்சிக்காம பந்தல்ல வந்து உக்காந்தீங்க. எம்பொண்ணு கழுத்துல தாலி ஏறச்சொல்ல அட்சதை போட்டீங்க. நான் பாத்தேன்.

தோ, திருவள்ளூர் பஸ்ஸு வருது. ஏறுங்கண்ணா.