மாடி வீட்டுப் பலகை

பேச்சாளர்: “வாருங்கள், பெருமக்களே! வந்து இந்த அநியாயத்தைக் கண்கொண்டு பாருங்கள்! அரசுக்கு மதம் கூடாது! எண்ணிக்கையில் மிகுந்தவர்களாகிய இந்துக்கள் நாம். மதச்சார்பின்மை நாம் பிறருக்குப் போடும் பிச்சையன்று. நம் தலைக்கும் அதுவே கூரை!” ...எப்படிம்மா இருக்கு?

மனைவி: பேச்சு நல்லாத்தான் இருக்கு. சட்டைப் பொத்தானை மாத்திப் போட்டிருக்கீங்க.

தம்பி: அத்தான், இப்பவே கைதட்டணுமா, மண்டபத்துக்கு வந்து தட்டினா போதுமா?

பேச்சாளர்: நீ தட்டுவியாக்கும்! நேத்து என்ன சொன்னே?

தம்பி: மதச்சார்பின்மைன்னா நாம மட்டும் விட்டுக்கொடுக்கிறதுன்னு சொன்னேன். இப்பவும் சொல்றேன். நம்ம கோயிலுக்கு மட்டும் அதிகாரி வருவாராம், அவங்க இடத்துக்கு...

மனைவி: வாயை மூடுடா! மைக் செட்காரரை வாசலோட திருப்பி அனுப்பினவன்தானே நீ?

தம்பி: ...யாரு சொன்னா?

மனைவி: அவரேதான். காலையில மண்டபத்துல வயர் இழுத்துக்கிட்டிருந்தார். நான் ஊர்ல இல்லாத அன்னிக்கு, ‘வாடகைக்கு’ப் பலகையைப் பார்த்துட்டு மாடி வீடு கேட்டு வந்தாராம். “ஆள் வந்தாச்சு”ன்னு சொல்லி, அவர் கண் முன்னாடியே பலகையைக் கழட்டினியாம். மறுநாள் அந்தப் பக்கமா போனா, பலகை மறுபடி தொங்குதாம்!

பேச்சாளர்: விடும்மா... கூட்டத்துக்கு நேரமாச்சு.

மனைவி: விடறதா? ஊர் ஊரா உங்க குரலைக் கேக்க வெச்ச மனுஷன்! வேற மதம்னு இவன் துரத்தியிருக்கான்... நீங்க ஏன் திடுக்கிடலை?

பேச்சாளர்: திடுக்கிட்டேனே...

மனைவி: எங்கே? காலரையில்ல நீவிக்கிட்டிருக்கீங்க!

தம்பி: அக்கா, போதும். நான் கெட்டவன்தான். ஆனா இது என் வீடா? பலகையைக் கழட்ட நான் யாரு?

பேச்சாளர்: மாப்ளே...

தம்பி: நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா அத்தான்?

மனைவி: என்ன... என்னடா?

தம்பி: அத்தான் உள்ளேதான் இருந்தார். ஜன்னல் வழியா மைக் செட்காரரைப் பார்த்ததும், “நீ போய்ச் சொல்லிடு. நீ சொன்னா யாரும் ஆச்சரியப்பட மாட்டாங்க”ன்னார்.

மனைவி: ஐயோ! ...நிஜமாவா?

பேச்சாளர்: நான்... அரசுக்குத்தான் மதம் கூடாதுன்னு சொல்றேன். வீடு... சொந்த விஷயம். அக்கம்பக்கம் என்ன பேசும்?

தம்பி: கேட்டியா? எனக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு! நானாவது நேருக்கு நேரா...

மனைவி: நீ பேசாதே! சொன்ன வாய் உன்னோடது.

பேச்சாளர்: அவர்கிட்ட நான் பக்குவமா பேசிக்கிறேன். என்மேல ரொம்பக் கோவமா?

மனைவி: கோவமா? சொல்லக் கூடாதுன்னு கெஞ்சினார்... “அண்ணன் பேச்சைக் கேட்டுத்தான் தைரியமா வீடு கேட்டு வந்தேன். அவர் இல்லாதப்போ நடந்திருக்கு. தெரிஞ்சா மனசு உடைஞ்சிடுவார், மேடையில பேச்சு வராது. சொல்லிடாதீங்க அண்ணி”ன்னார்.

பேச்சாளர்: கொஞ்சம் தண்ணி குடு.

மனைவி: மேடையில இருக்கும். அவர்தான் கொண்டுவந்து வைப்பார். குடிச்சிட்டு, முதல் வரியை மாத்துங்க... “என் வீட்டு வாசலில் நடந்த அநியாயத்தைப் பாருங்கள்”னு. கடைசி வரியும் நான் தர்றேன். உங்களுக்கு வாய் வரலைன்னா, நானே மேடையேறிச் சொல்லுவேன்: “கைதட்டாதீர்கள்! எழுந்து வீட்டுக்குப் போங்கள். யாரை இல்லையென்று திருப்பி அனுப்பினீர்களோ, அவரைக் கூப்பிட்டு, அவர் கையில் சாவியைக் கொடுங்கள்!”