தாங்கும் கோடு

வக்கீல் ஆபீசுக்கு லோகோ வரைவது ஒன்றும் மலையைப் புரட்டுகிற வேலை இல்லை, சார். ஒரு தராசு, இரண்டு தூண், கொஞ்சம் அடர் நீலம். ஆயுள் முழுக்கக் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு அலைகிறவர்களின் ரசனைக்கு அதுவே அதிகம்.

நானும் தராசுகளோடுதான் போனேன். அந்த ஆபீசை நடத்தும் வக்கீலம்மா, கடையில் வாடிய கீரையைப் புரட்டுவது போல அவற்றைப் புரட்டினார். என் மனைவி கிறுக்கிய தாள் ஒன்று எப்படியோ அடியில் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. சாய்ந்து விழப்போகும் ஒரு கோடு. அதற்கு முட்டுக்கொடுத்து நிற்கும் சின்னக் கோடு. எழுதப் பழகும் குழந்தை சுவரில் இழுப்பது மாதிரி.

"இதப் பாத்தா எங்ககிட்ட வர்றவங்க முகம் ஞாபகம் வருது. நீங்க வரைஞ்சதா?"

ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வது? ஸ்டூடியோ என்னுடையது. கம்ப்யூட்டர் என்னுடையது. மனைவியும் என்னுடையவள்தான்.

விஷயம் தெரிந்து அவள் கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. "அந்தச் சின்னக் கோடு தடிமனா இருக்கணுங்க, இல்லன்னா தாங்காது" என்று எனக்கு வகுப்பெடுத்தாள். வேண்டுமென்றே மெல்லிசாக்கி அனுப்பினேன். வக்கீலம்மா போன் போட்டார். வண்ணம் குழைத்துக்கொண்டிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஏதோ இடிக்குதுங்க. அதுல இருந்த உயிர் போயிடுச்சு."

நான் வாயைத் திறப்பதற்குள் இவள், "அந்தச் சின்னக் கோட்டத் தடிமனாக்கித் தர்றேன் மேடம்" என்றாள்.

"அப்போ வரைஞ்சது நீதானாம்மா?"

"ஆமா மேடம்."

கூச்சப்பட்டுக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் சொன்னாள்.

"ஆபீஸ் வாசல்ல மாட்டுற போர்டு வேலையையும் நீயே பாரு. அவரு வேண்டாம்."

ஸ்பிரே அடிக்கும் அறை ஸ்டூடியோவின் பின்பக்கம் இருக்கிறது. ஜன்னல் கிடையாது. நெடியை வெளியே இழுக்க ஒரு ஃபேன். அதன் சுவிட்ச் அறைக்கு வெளியே. அவளுக்கு ஆஸ்துமா. இன்ஹேலரைப் பையில் போட்டுக்கொண்டுதான் உள்ளே போவாள். அன்று மத்தியானம் அதை எடுத்து என் மேசை டிராயரில் வைத்தேன். போர்டு அடிக்கும் சந்தோஷத்தில் பையைத் திறந்துகூடப் பார்க்காமல், மாஸ்க்கை மாட்டிக்கொண்டு போனாள். கொஞ்ச நேரம் விட்டேன். பிறகு கதவை வெளியே தாழிட்டு, ஃபேனை நிறுத்தினேன்.

"ஏங்க, ஃபேன் நின்னுடுச்சு, என்னான்னு பாருங்க" என்றாள்.

லைட் எரிந்துகொண்டிருந்தது. கரண்ட் போகவில்லை என்பது எவனுக்கும் புரியும். அவளுக்குப் புரியவில்லை. இந்த மூளைதான் லோகோ வரைந்ததாம். அப்புறம் கதவைத் தட்டினாள். "ஏங்க" என்பது மட்டும் கேட்டது. கடைசியில் அதுவும் கேட்கவில்லை.

கதவைத் திறந்தேன். ஃபேனைப் போட்டேன். இன்ஹேலரை அவள் கையில் வைத்தேன். ஆம்புலன்சுக்கும் நான்தான் சொன்னேன். விபத்து என்று எல்லாரும் அழுதார்கள். இன்ஹேலரின் மூடி கழற்றப்படவே இல்லை என்பது உங்கள் கண்ணில்தான் பட்டது. இந்த வழக்கில் தொழில் தெரிந்த ஆள் நீங்கள் ஒருவர்தான்.

கொன்றது நான்தான். கையெழுத்துப் போடுகிறேன், பேனாவைக் கொடுங்கள். ஆனால் இங்கே 'மனைவி வரைந்த லோகோ' என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிட்டு என் பெயரைப் போடுங்கள். பொய்யான வாக்குமூலத்தில் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.