பாலத்திலிருந்து விழுந்த வீட்டுக்காரர்

நஞ்சன்கூட்டிலிருந்து மைசூர் வரும் சாயங்கால ரயிலில், ஒரு கொலைகாரிக்கு எதிரே உட்கார்ந்திருப்பதாக நான் மனப்பூர்வமாக நம்பினேன். ஃபாக்டரி வேலை முடிந்து திரும்பும் இரண்டு பெண்கள். இளையவள் செல்வி, வேர்க்கடலை உரித்துக்கொண்டே சொன்னாள்.

"நேத்து எங்க வீட்டுக்காரரப் பாலத்துலேர்ந்து தள்ளி விட்டேங்க்கா."

"ஹௌதா? அப்படியா? அப்புறம்?"

"எழுந்து வந்துட்டாரு. மறுபடியும் தள்ளினேன்."

"அதெப்படி உடனே வந்தாரு? எங்க வீட்டுல அவரு விழுந்தா முதல்லேர்ந்துல்ல வரணும்?"

அக்கா வீட்டிலும் இதே தொழில் என்று தெரிந்ததும், டிபன் பாக்ஸைக் கவசம்போல் மார்போடு அணைத்துக்கொண்டேன்.

"உங்களுது பழைய வீடியோ கேம் கேசட்டுக்கா. எங்க வீட்டுல இருக்குற குட்டிக் கார் ரேஸ்ல ரவுண்டே கிடையாது, பாலமெல்லாம் வர்ற ஒரே நீளமான மலை ரோடு. நடுநடுவே கொடி இருக்கும். கொடியத் தாண்டிட்டு விழுந்தா அங்கேர்ந்தே கிளம்பலாம். அதான் ரெண்டாவது தடவ, அடுத்த கொடி வர்றதுக்குள்ள தள்ளினேன். ரொம்பப் பின்னாடி போயிட்டாரு. நான் ஜெயிச்சுட்டேன்."

டிபன் பாக்ஸை மடியில் இறக்கி வைத்தேன்.

"பொம்பளைக்கு வண்டி ஓட்ட வராதுன்னாரே. இப்ப ஸ்கூட்டர் சாவியக் குடுப்பாரா?"

"தோத்தா தர்றேன்னு அவர்தானே சொன்னாரு. மாட்டேன்னா இன்னைக்கும் தள்ளுவேன். ஒரு கொடிகூடத் தாண்ட விடமாட்டேன்."

சாமராஜபுரத்தில் இருவரும் இறங்கினார்கள். ஸ்டேஷன் வாசலில் ஒருவர் ஸ்கூட்டரோடு நின்றிருந்தார். செல்வி கையை நீட்டினாள். அவர் சாவியைக் கொடுத்துவிட்டுப் பின்னால் ஏறி உட்கார்ந்தார்.