எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்த மரகதவல்லி

கூட்டத்துக்குத் தலைமையேற்றிருக்கும் வட்டார மகளிர் கால்பந்துக் கழகத் தலைவர் அவர்களே, தங்கை மரகதவல்லியைப் பறிகொடுத்த துயரத்தோடு மேடையில் அமர்ந்திருக்கும் வெங்கட்ரமணன் ஐயா அவர்களே, முன்வரிசையில் கம்பெனிச் சீருடையோடு வந்து உட்கார்ந்திருக்கும் பென்னலூர் அணிப் பெண்களே, பின்னால் தூணோரம் நிற்கும் என் மணிமங்கலம் அணிப் பெண்களே, உங்கள் எல்லோருக்கும் கனத்த மனத்தோடு என் வணக்கம்.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். என் பெயர் நடேசன். ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் மெயின்டனன்ஸ் பிட்டர். வேலை முடிந்த பிறகு மணிமங்கலம் மகளிர் அணிக்குக் கோச். பென்னலூர் அணியின் பயிற்சியாளர் மரகதவல்லி அவர்களுக்கு எதிர்ப்பக்கத்தில் பல வருடங்களாக நின்றவன். இரங்கல் கூட்டத்தில் எதிரணிக்காரனுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். ஒரு கோச்சை அவருடைய சொந்த ஆட்களைவிட உற்றுக் கவனித்தவன் யார்? அவரிடம் தோற்றவன்தானே? அந்தத் தகுதியில்தான் பேச வந்திருக்கிறேன்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். இரண்டாம் ஷிப்ட் பஸ் வெளியே வந்து நிற்கிறது, உங்களில் பாதிப் பேர் அதில் ஏற வேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை இறுதிப் போட்டி, பென்னலூருக்கும் மணிமங்கலத்துக்கும். சற்று முன் மண்டப வாசலில் பென்னலூர் கேப்டன் பாண்டிச்செல்வி என்னிடம் வந்து, "நாங்க ஆடல சார், கோப்பைய நீங்களே வச்சுக்கோங்க" என்றாள். ஏன்மா என்று கேட்டேன். "எங்களைப் பாதியில விட்டுட்டு, ஒரு வார்த்தை சொல்லாமப் போயிட்டாக சார். இனி நாங்க யாரைக் கேட்டு ஆடுறது?" என்றாள். அந்தப் பெண்ணுக்குப் பதில் சொல்வதற்காகத்தான் இந்த மைக்கைக் கேட்டு வாங்கினேன்.

எனக்கு முன் பேசியவர்கள் மேடத்தின் நல்ல மனத்தைப் பற்றிச் சொன்னார்கள். அத்தனையும் உண்மை. நான் அவருடைய ஆட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

மேடம் முதன்முதலில் சேர்த்த அணி எப்படி ஆடியது? ஆடவே இல்லை என்று நான் கிண்டல் செய்வேன். விருதுநகர், சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கும் பெண்கள். இரவு ஷிப்ட் முடித்த கண்ணோடு மைதானத்துக்கு வருவார்கள். ஓடவிட்டால் பாதி ஆட்டத்தில் உட்கார்ந்துவிடுவார்கள். அதனால் கோலுக்கு முன்னால் எட்டுப் பேரை நிறுத்திக் கதவைச் சாத்திக்கொள்வார் மேடம். எங்கள் அணியில் கோல் போடுகிற கனகம் முட்டி மோதிப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவாள். பார்க்க வந்த ஜனம் கொட்டாவி விட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போகும். "இன்னா மேடம், பந்து ஆட வந்தீங்களா, வாட்ச்மேன் வேலைக்கு வந்தீங்களா?" என்று கேட்டேன். "என் பசங்களுக்கு இன்னிக்கு இவ்வளவுதான் தெம்பு இருக்கு நடேசன் சார். இருக்கிற தெம்புக்கு ஏத்த ஆட்டம்" என்றார். கோபமே படவில்லை. கேலி செய்கிறவனுக்கு அதைவிடச் சங்கடம் வேறென்ன?

அந்த ஆட்டத்தை ஆடியே ஒரு கோப்பையும் வாங்கினார்கள். அதோடு நின்றாரா? நானாக இருந்தால் நின்றிருப்பேன். நான் இன்றுவரை ஒரே ஆட்டம்தான் ஆடுகிறேன்: பின்னாலிருந்து தூக்கி அடி, கனகம் ஓடிப்போய்ப் பார்த்துக்கொள்வாள். மேடம் அப்படி இல்லை. ஹாஸ்டல் சாப்பாட்டுக்காக அவர் போட்ட சண்டை இங்கே பேசப்பட்டது. சாப்பாடு தேறியதும் பெண்களும் தேறினார்கள். உடனே சாத்திய கதவைத் திறந்தார். பந்தைத் தரையோடு தரையாக, பக்கத்தில் இருப்பவளிடம் கொடுத்துக் கொடுத்து முன்னேறச் சொன்னார். "பந்துக்கு நைட் ஷிப்ட் கிடையாது, அதை ஓட விடுங்க" என்று அவர் கோட்டோரம் நின்று கத்தியது எதிர்ப்பக்கம் நின்ற எனக்கே மனப்பாடம். என் பெண்கள் பந்தைத் துரத்தித் துரத்தி நாக்குத் தள்ளிப் போனார்கள். எங்கள் ஊர்க்காரர்களே அந்த ஆட்டத்தை ரசிக்க அவர்கள் பக்கம் போய் நின்றார்கள். எனக்கு வயிற்றெரிச்சல்தான், மறைப்பானேன்?

ஆனால் அந்த ஆட்டத்துக்கு ஒருவரையொருவர் நன்றாகப் பழகிய அதே பதினோரு பேர் வேண்டும். நம் பக்கத்தில் அது நடக்கிற காரியமா? இந்த வாரம் முதல் ஷிப்ட், அடுத்த வாரம் இரவு. ஓ.டி. என்று கூடுதல் நேரம் போட்டால் லைனை விட்டு நகர முடியாது. சனிக்கிழமை வரை அணியில் யார் யார் என்று மேடத்துக்கே தெரியாது. நடுவில் நின்று ஆட்டம் முழுவதையும் ஓட்டிய பூஜா வராத நாளில் அணி தடுமாறியது. பூஜாவுக்கு எந்த வாரம் எந்த ஷிப்ட் என்று நான் முன்கூட்டியே விசாரித்து வைத்துக்கொள்வேன். சிரிக்காதீர்கள், கோச் என்றால் அதுவும் வேலைதான்.

அப்போதுதான் மேடம் மூன்றாவது முறையாக ஆட்டத்தை மாற்றினார். கம்பெனியில் இருப்பவர்களுக்குத் தெரியும், ஷிப்ட் முடிந்ததும் மெஷினை விட்டுவிட்டு ஓடிவிட முடியாது. அடுத்த ஆள் வந்து பக்கத்தில் நிற்க வேண்டும். மெஷின் எப்படி ஓடுகிறது, எதில் கண் வைக்க வேண்டும் என்று அவரிடம் சொல்ல வேண்டும். அவர் சரி என்ற பிறகுதான் நகரலாம். ஹேண்டோவர் என்கிறோம். மேடம் அதை மைதானத்துக்குக் கொண்டுவந்தார். யாருக்கும் நிரந்தர இடம் கிடையாது. பின்னால் நிற்பவள் முன்னால் போகலாம், ஓரத்தில் இருப்பவள் நடுவுக்கு வரலாம். ஆனால் போவதற்கு முன், உன் இடத்தைப் பிடிக்கப் போகிறவளிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவள் சரி என்ற பிறகுதான் போக வேண்டும்.

நன்றாகத்தானே இருக்கிறது என்கிறீர்களா? அந்த சீசன் முழுக்க உதை வாங்கினார்கள். நாங்களே ஆறு கோல் போட்டோம். அவசரத்தில் சொல்ல மறந்து போனார்கள், இரண்டு பேர் ஒரே இடத்தில் போய் நின்றார்கள். கழகத்தில் சிலர் பழைய ஆட்டத்துக்கே திரும்புங்கள் என்றார்கள். நானும் சொன்னேன். "ஜெயிச்ச ஆட்டத்த யாராவது தூக்கிக் கடாசுவாங்களா மேடம்?" அதற்கு அவர் சொன்னார்: "அந்த ஆட்டம் பூஜாவ நம்பி நின்னுது சார். நாளைக்கு பூஜா ஊருக்குப் போய் கல்யாணம் பண்ணிக்கிட்டா, ஆட்டமும் அவகூடவே போய்டும். யார் போனாலும் நிக்கிற மாதிரி ஒரு ஆட்டம் வேணும்."

யார் போனாலும் என்றார்.

பூஜா போன வருடம் கல்யாணமாகி ஊருக்குப் போய்விட்டாள். அணி விழுந்ததா? இந்த சீசன் லீக் ஆட்டத்தில் எங்களை மூன்று கோல் போட்டுத் தோற்கடித்தார்கள். பாதி ஆட்டத்தில் கனகம் மூச்சிரைக்க என்னிடம் வந்து, "சார், அவுங்க பேசிக்கினே கீறாங்க. நான் ஒருத்தியத் தாண்டினா அங்க இன்னொருத்தி ரெடியா நிக்கிறா. நான் இன்னா பண்ண?" என்றாள். அடுத்த வாரம் நானும் எங்கள் அணியில் அதையே செய்து பார்த்தேன். எல்லோரும் எல்லோரிடமும் சொல்லிவிட்டு முன்னால் போனார்கள், பின்னால் ஒருவரும் இல்லை. நமக்குக் கனகம் போதும் என்று விட்டுவிட்டேன்.

இந்த சீசனில் இன்னொன்றையும் கவனித்தேன். கோட்டோரம் ஓடி ஓடிக் கத்தித் தொண்டை கட்டிப்போகிற மேடம், இந்த முறை ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். வாயையே திறக்கவில்லை. அரையிறுதியில் அவருடைய அணி ஒரு கோல் பின்தங்கியிருந்தது. நான் பார்வையாளனாக எதிர்ப்பக்கம் நின்றிருந்தேன். பாண்டிச்செல்வி, நீ அப்போது நாற்காலியைத் திரும்பிப் பார்த்தாய், நினைவிருக்கிறதா? மேடம் உன்னைப் பார்க்காமல் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது. பிறகு நீயாகவே பின்னாலிருந்த இரண்டு பேரை முன்னால் அனுப்பி, அவர்கள் இடத்துக்கு ஆள் சொன்னாய். அதற்கப்புறம் நீங்கள் இரண்டு கோல் போட்டீர்கள். அதைச் சொல்லிக் கொடுத்தது யார்? அன்றைக்கு நீ யாரைக் கேட்டு ஆடினாய்?

ஆட்டம் முடிந்ததும் நான் மேடத்திடம் போனேன். "இன்னா மேடம், தொண்டை கட்டிக்கிச்சா?" என்றேன். அவர் சிரித்தார். "இல்ல சார். நான் சொல்ல வேண்டியதச் சொல்லிட்டேன். அவங்களும் சரின்னுட்டாங்க" என்றார். ஜெயித்த மிதப்பில் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

அவருக்கு முன்பே ஏதோ தெரிந்திருந்தது என்று நான் கதை கட்டமாட்டேன். மாரடைப்பு திடீரென்று வந்தது, நாற்பத்தாறு வயது, கொடுமைதான். இங்கே யாருக்கும் ஆறவில்லை, எனக்கும் ஆறவில்லை. ஆனால் பாண்டிச்செல்வி, அவர் சொல்லாமல் போகவில்லை அம்மா. இந்த சீசன் முழுக்க, அந்த நாற்காலியில் உட்கார்ந்து, உங்கள் கையில் ஒப்படைத்துக்கொண்டே இருந்தார். நீங்கள் ஒவ்வொரு ஆட்டத்திலும் சரி என்று வாங்கிக்கொண்டே இருந்தீர்கள். எதிர்ப்பக்கம் நின்றதால் எனக்கு அது தெரிந்தது, உள்ளே நின்று ஆடிய உங்களுக்குத் தெரியவில்லை.

நீங்கள் ஞாயிற்றுக்கிழமை வராவிட்டால் கோப்பை எனக்கு வரும். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? இத்தனை வருடம் எதிரில் நின்று எனக்கு ஆட்டம் கற்றுக்கொடுத்த ஒரு பெண்மணியின் அணியை, ஆடாமலே ஜெயித்தேன் என்று சொல்லிக்கொள்ளவா? மணிமங்கலம் சார்பில் இந்தச் சபையில் உறுதி சொல்கிறேன். நாங்கள் வருவோம். முழு பலத்தோடு ஆடுவோம். துக்க வீடு என்று இரக்கப்பட்டு ஒரு பந்தைக்கூட விடமாட்டோம். அடுத்த சீசனிலும் வருவோம், அதற்கடுத்த சீசனிலும் வருவோம். மரகதவல்லி மேடத்தின் ஆட்டம் இந்த வட்டாரத்தில் உயிரோடு இருக்க, அதோடு மோத ஓர் அணி வேண்டும். அந்த அணியாக நாங்கள் இருப்போம்.

பாண்டிச்செல்வி, எழுந்து நில் அம்மா. உன் அணிப் பிள்ளைகளிடம் கேட்டுக்கொள், அவசரமில்லை, பஸ் காத்திருக்கும். என்ன சொல்கிறீர்கள்? சத்தமாகச் சொல், பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்கட்டும்.

கேட்டீர்களா, பெரியோர்களே? "வாரோம் சார், கனகத்தை மட்டும் நல்லாக் காப்பாத்திக்கோங்க" என்கிறாள். அழுதுகொண்டேதான் சொல்கிறாள், ஆனாலும் சொல்லிவிட்டாள்.

வெங்கட்ரமணன் ஐயா, உங்கள் தங்கையின் அணி ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் இறங்குகிறது. நீங்களும் வர வேண்டும், பென்னலூர் பக்கத்திலேயே உட்காருங்கள். கனகம், மற்ற பெண்களே, இவர்கள் சொன்னதைக் கேட்டீர்கள் அல்லவா? நமக்கு நாளைக்கே பயிற்சி, ஒருத்தியும் லீவு கேட்கக் கூடாது.