கிடாவின் சம்மதம்

பெற்றோர்களே, கொஞ்ச நேரம் கைதட்டலை நிறுத்தி வையுங்கள். ஒரு குட்டிக் கதை இருக்கிறது... அதைக் கேட்டுவிட்டுத் தட்டலாமா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள்.

சென்ற ஆண்டு ஜூன் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பகல் ஒன்றேகால் மணி. ஆண்டிபட்டிக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் வரலாறு திசை திரும்பியது. கௌசிகா என்ற பதினைந்து வயதுப் பெண், கறிக்குழம்புக் கிண்ணத்தை இடது கையால் நகர்த்தி வைத்தாள். எவ்வளவு தூரம்? இரண்டு அங்குலம். நகர்த்திவிட்டு அறிவித்தாள்: "இனிமே நான் கறி திங்க மாட்டேன்."

 

அம்மா முத்துப்பேச்சிதான் முதலில் பேசினார். என்ன கேட்டார்? ஏன் என்றா கேட்டார்? இல்லை.

"எவன்டி அவன்?"

"எவனும் இல்லம்மா."

"சைவக்காரப் பயலா?"

"அம்மா! கறிக்கடையில நிக்கும்போது ஆடு வெட்டுறதைப் பாத்தேன். அதுக்கப்புறம் எறங்க மாட்டேங்குது. அவ்வளவுதான்."

தாய்மாமன் சடையாண்டி அங்கேதான் எலும்பு கடித்துக்கொண்டிருந்தார். "விடுக்கா. புதன்கிழமை வரைக்கும் தாங்காது" என்றார்.

புதன்கிழமை வந்தது... போனது. அம்மா தன்னால் ஆன சமரசத்துக்கு வந்தார். குழம்பிலிருந்து துண்டுகளை எல்லாம் கரண்டியால் ஒதுக்கிவிட்டு, சாற்றை மட்டும் மகள் சோற்றில் ஊற்றினார்.

"இதுல கறி இல்லடி."

"கறிக்குழம்புதானம்மா இது?"

"கறியைத்தான் எடுத்துட்டேன்ல? இப்ப இது வெறும் குழம்பு!"

தாய்மார்கள் சிரிக்கிறீர்கள். எத்தனை வீட்டில் நடந்திருக்கிறது என்று தெரிகிறது.

சரி... இதுவரை ஒரு கிண்ணம்தான் பிரச்சினை. இனிமேல்தான் கிடா வருகிறது. கௌசிகா பத்தாம் வகுப்பில் கணக்குப் பாடத்தில் தேறினால் கருப்பசாமிக்குக் கிடா வெட்டுவதாக அம்மா வேண்டியிருந்தார். கௌசிகா நாற்பத்தொரு மதிப்பெண் எடுத்துவிட்டாள். கிடாவும் வாங்கியாயிற்று, கொல்லையில் கட்டியிருக்கிறது. ஆவணியில் கோயில் கொடை விழா.

அவள் அப்பா காசிமாயனிடம் போனாள். "அப்பா, நான் பாஸானதுக்கு அது ஏம்ப்பா சாகணும்? விட்டுருங்கப்பா."

காசிமாயன் நல்ல மனிதர். அதனால் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்ளவில்லை. "நான் விட்டாலும் சாமி விடாதும்மா. வேணும்னா சாமிகிட்டக் கேளு."

"சாமிகிட்ட எப்படிக் கேக்குறது?"

"கிடா தலையில தண்ணி தெளிப்போம். அது உடம்பைச் சிலுப்புச்சுன்னா, சாமி உத்தரவு குடுத்துருச்சுன்னு அர்த்தம். வெட்டலாம்."

"சிலுப்பலைன்னா?"

"சிலுப்பாத ஆடு எங்கம்மா இருக்கு?"

 மறுநாள் காலையில் கௌசிகா கிடாவைக் குளிப்பாட்டினாள்.

அதற்கு மறுநாளும் குளிப்பாட்டினாள். இரண்டரை மாதம்... தினமும் காலையில் ரப்பர் குழாயைப் பிடித்து, தலையில் ஊற்றி, காதில் ஊற்றி, முதுகில் ஊற்றி. சிலுப்பாமல் நின்றால் ஒரு பிடி அகத்திக்கீரை.

"எதுக்குடி ஆட்டுக்குத் தெனம் குளியல்?" என்று அம்மா கேட்டார்.

"நாத்தம் அடிக்குதும்மா."

அப்பாவுக்குப் பெருமை. "பாத்தியா, பிள்ளைக்குப் பொறுப்பு வந்துருச்சு!"

ஆவணி வந்தது. கருப்பசாமி கோயில். கொட்டு முழங்குகிறது. கிடாவுக்கு மாலை போட்டாயிற்று. பூசாரி மஞ்சள் தண்ணீரை எடுத்தார். தலையில் தெளித்தார்.

கிடா நின்றது.

"இன்னொரு தடவ ஊத்துங்க சாமி!" என்றார் காசிமாயன். ஊற்றினார். கிடா கண்ணை மூடிக்கொண்டது.

"காதுல ஊத்துங்கய்யா, காதுல!" இது தாய்மாமன். அவருக்குப் பசி.

காதில் ஒரு செம்பு. கிடா என்ன செய்தது தெரியுமா? தலையைத் தூக்கி... கழுத்தைக் காட்டியது. அங்கே இன்னும் ஊற்றவில்லையாம்!

கொட்டு நின்றுவிட்டது. பூசாரி செம்பைக் கீழே வைத்தார். "உத்தரவு இல்ல. அவுத்து விடுங்கப்பா."

காசிமாயன் மெல்லத் திரும்பி மகளைப் பார்த்தார். "ஏ கழுத... என்ன பண்ணுன நீ?"

"நீங்கதானப்பா சாமிகிட்டக் கேளுன்னு சொன்னீங்க? மூணு தடவ கேட்டாச்சு."

கருப்பசாமி சன்னதியில் நின்றுகொண்டு, சாமி சொன்னது செல்லாது என்று யார் சொல்வார்? காசிமாயனே போய் மாலையைக் கழற்றினார். முடிச்சு அவிழவில்லை. கௌசிகாதான் அவிழ்த்தாள். 

பெற்றோர்களே... உங்களைச் சைவத்துக்கு மாறச் சொல்ல நான் இங்கே வரவில்லை. நாளை மதியம் நம் தலைமையாசிரியர் வீட்டில் எனக்கு நாட்டுக்கோழி. இதைச் சொல்லத்தான் வந்தேன்: அந்த ஊரில் ஓர் ஆட்டிடம், உனக்குச் சம்மதமா, உனக்குச் சம்மதமா என்று மூன்று முறை கேட்டார்கள். பதில் வரும்வரை அருவாளைத் தொடவில்லை. எவ்வளவு உயர்ந்த பண்பாடு! ஆனால் ஆட்டுக்குப் பேச வராது. அந்த வீட்டுப் பெண்ணுக்கு வரும். வேண்டாம் என்று தமிழில் சொன்னாள். எவன்டி அவன் என்று கேட்டோம். சாற்றை ஊற்றினோம். புதன்கிழமை வரை தாங்காது என்றோம்.

இப்போது பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கை நடக்கிறது. எந்தப் பிரிவு என்று நீங்கள் முடிவு செய்துவிட்டுத்தான் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். எனக்குத் தெரியும். வீட்டுக்குப் போய்ப் பிள்ளையிடம் கேளுங்கள். மூன்று முறை வேண்டாம்... ஒரு முறை. கேட்டுவிட்டு, பதில் வரும்வரை சும்மா இருங்கள். கிடாவுக்குக் கொடுத்த மரியாதை போதும். அதற்கு மேல் பிள்ளைகள் எதுவும் கேட்கவில்லை.

அன்றைக்கு அந்தக் கோயிலுக்கு நூற்று நாற்பது பேர் சாப்பிட வந்திருந்தார்கள். கறிக்குப் பதிலாக ஆண்டிபட்டியிலிருந்து பன்னிரண்டு கிலோ கத்திரிக்காய் வந்தது. பந்தி நாலு மணிக்குப் போட்டார்கள்.