செல்லாயி இறங்கிய பூக்குழி

எனக்குக் கோழி அறுப்பதைப் பார்க்கப் பிடிக்காது, ஐயா. இரத்தம் வேட்டியில் பட்டால் கறை போவதில்லை. பீடோர் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் மாரியம்மனுக்குப் பூசை செய்யும் உடையப்பன் நான். நீங்கள் கேட்டதால் சொல்கிறேன்; யாரும் அடித்துச் சொல்ல வைக்கவில்லை.

எனக்குச் சிறு வயதிலிருந்தே அழுகை வராது. கப்பலில் வரும்போது தம்பி பேதி கண்டு செத்தான், அப்போதும் வரவில்லை. இவருக்குப் பற்றில்லை, சாமிக்கு உகந்த ஆள் என்று சொல்லித்தான் சனங்கள் என் கையில் விபூதித் தட்டைக் கொடுத்தார்கள்.

எங்கள் தோட்டத்தில் பால் வெட்டும் செல்லாயி எனக்கு நேர் எதிர். யார் வீட்டில் காய்ச்சல் என்றாலும் கஞ்சியோடு போய் நிற்பாள். அடுத்தவள் பிள்ளைக்கு முள் குத்தினால் இவள் முகம் சுருங்கும். ஆனால் கோவில் பக்கம் தலை வைத்துப் படுக்க மாட்டாள். சாமி இருந்தால் இத்தனை பேர் ஏன் சாகிறார்கள் என்று வெளிப்படையாகவே கேட்பாள். லயத்து வீடுகளில் இருந்த சனங்கள் என்னிடம் திருநீறு வாங்கிக்கொண்டு அவளிடம் போய் அழுதார்கள். அது எனக்குப் பொறுக்கவில்லை.

புருசன் காய்ச்சலில் பிழைத்தால் திருவிழாவில் பூக்குழி இறங்குவதாகச் செல்லாயியின் பக்கத்து வீட்டு ராக்காயி நேர்ந்திருந்தாள். அவன் பிழைத்தான். அவளோ நிறைமாதக் கர்ப்பிணி, பயந்து நடுங்கினாள். செல்லாயி என்னிடம் வந்தாள்.

"அண்ணே, அவளுக்குப் பதிலா நான் இறங்குறேன் லா. நேர்த்தி கழிஞ்சிருமில்ல?"

"நம்பிக்கை இருக்கா?"

"அவ மேல இருக்கு."

கழியும் என்றேன். அதன்பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. நம்பாதவள் கால் சுடாமல் கரையேறிவிட்டால் அம்மனை இனி யார் மதிப்பார்கள்?

திருவிழா அன்று எல்லோரும் இறங்கி முடித்தபின் அவள் முறை. நெருப்புக் கங்குகளைச் சமன் செய்வது என் வேலை. ரப்பர் பால் கோப்பைகளில் உறைந்து மிஞ்சும் ஒட்டுப்பாலை வேப்பிலைக் கூடைக்கு அடியில் வைத்திருந்தேன். அதைக் குழி நடுவே சாம்பலுக்குள் தள்ளினேன். ரப்பர் உருகினால் தோலைப் பிடித்துக்கொண்டு விடாது. நாற்றம் யாருக்கும் உறைக்கவில்லை. எங்கள் உடம்பிலேயே அந்த நாற்றம்தான். காப்பாற்ற மனமிருந்தால் அம்மனுக்கு ஒட்டுப்பால் ஒரு தடையா? முடிவைத் தாயிடமே விட்டேன்.

நடுவில் கால் ஒட்டியது. விழுந்தாள். ராக்காயி வயிற்றைப் பிடித்துக்கொண்டு குழிக்குள் ஓடினாள். இருவரையும் இழுத்துப் போட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் செல்லாயி போய்ச் சேர்ந்தாள். ராக்காயியின் பிள்ளையும் தங்கவில்லை.

தோட்டமே கதறியது. நான் மட்டும் அசையாமல் நின்றேன். நெஞ்சுகூட அடைக்கவில்லை. அப்போதுதான் ஐயா, எனக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது, அம்மன் என் மேல் இறங்கியிருந்தாள். இல்லாவிட்டால் ஒரு மனுசனுக்கு வலிக்காமல் இருக்குமா?