அறுபத்தொரு டிகிரி

கதவை அகலத் திறந்து வைக்காதீர்கள் என்று சொல்லிச் சொல்லியே எனக்கு வாய் வலித்துவிட்டது, சார். எங்கள் கம்பெனியின் சர்வர் அறை, மட்டாஞ்சேரியில் ஒரு பழைய மிளகுக் கிடங்கின் மூலை. கதவு திறந்தால் வெளிப் புழுக்கம் அப்படியே உள்ளே வந்துவிடும்.

அந்த சர்வரின் ப்ராசசரைத் தேர்ந்தெடுத்தவன் நான், வெங்கிடராமன். அறுபத்துநான்கு கோர்; ஒரே நேரத்தில் அறுபத்துநான்கு வேலை பார்க்கும். சூடு எல்லை மீறினால் தானாகவே வேகத்தைக் குறைத்துத் தன்னைக் காத்துக்கொள்ளும். என்னோடு வேலை பார்த்த திருநெல்வேலிக்காரர் முப்பிடாதிக்கு அந்தச் சூதானம் கிடையாது. முதலாளியை எதிரில் வைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார்.

"வெங்கி சேட்டா, நம்ம சாஃப்ட்வேர் ரெண்டு கோருக்கு மேல தொடவே தொடாது, பாத்துக்கிடுங்க. கோர் கொறைஞ்சாலும் வேகம் கூடினதுல்லா வாங்கியிருக்கணும்?"

முதலாளி என்னைத் திரும்பிப் பார்த்தார். பதினேழு வருஷத்தில் யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. அவமானத்தில் அன்று சோறு இறங்கவில்லை. அதன்பிறகு முப்பிடாதி சாயாக்கடையில் யாரோடு சிரித்தாலும் என்னைப் பற்றித்தான் என்று தோன்றியது. போனைக் கவிழ்த்து வைத்தால் சந்தேகம். நான் போனதும் பேச்சு நின்றால் சந்தேகம். மத்தியானம் தன் மரவள்ளிக் கப்பையில் பாதியை என் தட்டில் வைப்பார். அதிலும் ஏதோ உள்நோக்கம் இருப்பதாக நினைத்தேன். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ப்ராசசர் பற்றி முதலாளிக்கு அறிக்கை கொடுப்பதாக இருந்தார்.

தீப்பிடித்தால் அணைக்க அந்த அறைக்குக் கரியமில வாயு வைத்திருக்கிறோம். அது நிரம்பினால் உள்ளே மூச்சுவிட முடியாது. பொத்தான் வெளியே, என் மேஜைப் பக்கம். புகை வாடை வந்தது, அறை காலி என்று நினைத்து அழுத்தினேன் என்று உங்கள் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். முப்பிடாதி உள்ளே போனதை நான் கண்ணால் பார்க்கவில்லை. அது உண்மைதான்.

ஆனால் சர்வரின் பதிவுகளைப் படிக்கத் தெரிந்த யாராவது வருவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். ப்ராசசரின் சூடு எப்போதும் ஐம்பத்தெட்டு டிகிரி. ஒருவர் உள்ளே போனால் கதவு வழி வரும் புழுக்கத்தில் அறுபத்தொன்றுக்கு ஏறி இறங்கும். வெளியே வந்தால் மறுபடி ஏறும். அந்தச் செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு என் திரையில் ஒரு முறை ஏறியது; அந்த நேரத்தில் உள்ளே போகிறவர் முப்பிடாதி மட்டும்தான். பதினொரு நிமிஷம் காத்திருந்தேன். இரண்டாவது முறை ஏறவில்லை. ஆள் உள்ளேதான் என்று உறுதியான பிறகே அழுத்தினேன்.

உள்ளேயிருந்து தட்டினார். தட்டல் நிற்கும்வரை கைப்பிடியை இழுத்துப் பிடித்துக்கொண்டேன். திறந்தால் சூடு ஏறுமே.

ஒன்றை மட்டும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள், சார். இத்தனை நடந்தும் அந்த ப்ராசசர் ஒரு நொடிகூட நிற்கவில்லை. நான் தப்பாகத் தேர்ந்தெடுக்கவில்லை.